பங்கு வைத்த மோட்டார் புத்தகங்கள்

சோலைராஜுக்குச் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. அதிலும் சின்ன மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிற ஆள். அப்படிப்பட்டவர் வருசக்கணக்காக மோட்டார் புத்தகங்கள் சேர்க்கிறார் என்று சொன்னால் கோவில்பட்டி பஜாரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை. மனைவி பிரேமலதாவுக்கு மட்டும் தெரியும்.

அப்பா காலத்திலிருந்தே பழைய பேப்பர் வியாபாரம். தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுக் கழிவுத்தாள் கட்டுகளை வாங்கிப் பிரித்து, நல்ல தாளைத் தீப்பெட்டிக்காரர்களுக்கும் பட்டாசுக்காரர்களுக்கும், மிச்சத்தைப் பேப்பர் மில்லுக்கும் அனுப்ப வேண்டும். அந்தக் கட்டுகளுக்குள் எந்த ஊர்ச் சீமானோ வேண்டாமென்று தள்ளிய புத்தகங்கள் வரும். ஜெர்மன், இத்தாலி, ரஷ்யா என்று தேசத்துக்கு ஒரு எழுத்து. சோலைராஜுக்கு ஒன்றும் வாசிக்க வராது. ஆனால் மூக்கு நீண்ட பழைய கார், பக்கத்தில் தொட்டி மாட்டிய மோட்டார் சைக்கிள், மாடி வைத்த பஸ் என்று படம் கண்ணில் பட்டுவிட்டால் அந்தப் புத்தகம் மில்லுக்குப் போகாது. ஜப்பான் புத்தகமொன்றில் முதல் பக்கம் புதுப் பஸ்ஸும் கடைசிப் பக்கம் குதிரை வண்டியும் இருக்கக் கண்டு, அதைப் பின்னாலிருந்துதான் புரட்ட வேண்டும் என்று அவராகவே கண்டுபிடித்தார். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எல்லாவற்றையும் கடலையூர் ரோட்டுக் குடோனில், மற்றக் கட்டுகளோடு கட்டாகச் சாக்கு சுற்றி வைத்திருந்தார். குப்பையோடு குப்பையாகக் கிடந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ‘சரக்குப் பார்க்க’ப் போவார். வாரம் முழுக்கப் பிடித்த உடம்பு வலி அங்கே உட்கார்ந்தால்தான் விடும்.

அப்பா போனபின் பங்குப் பேச்சு ஆரம்பித்தது. தம்பி முத்துசெல்வத்தோடு பேசிப் பேசி இரண்டு வருசம் ஓடிவிட்டது. எல்லோருக்கும் அலுத்துப்போனது. பிரேமலதா மாமியாரின் வெண்கலப் பானையை ஆசைப்பட்டுக் கேட்டதற்கே, அதில் என்ன இருக்கிறதோ என்று தம்பி மனைவி ஜெயப்பிரியா மாசக்கணக்கில் விட்டுக்கொடுக்கவில்லை. வாய்விட்டுக் கேட்ட பொருளுக்குத்தான் வில்லங்கம் வரும் என்று சோலைராஜ் அதிலிருந்து தெரிந்துகொண்டார்.

கடைசியில் பஜாரில் பெரிய மனுசரான வேல்சாமி அண்ணாச்சி மத்தியஸ்தத்துக்கு வந்தார். அவர்கள் வழக்கப்படி அண்ணன் பங்கு வைக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். சோலைராஜ் இரண்டாகப் பிரித்தார். பஜார்க் கடையும் மாடி வீடும் ஒரு பங்கு. குடோனும் உள்ளே கிடக்கும் சரக்கும் இன்னொன்று. குடோன் நிற்பது கரிசலில். கோடைக்குக் கோடை சுவர் வெடிக்கும், மழைக்கு வண்டி போகாது.

“என்னப்பா, தராசு ஒரு பக்கமா சாயுதே” என்றார் அண்ணாச்சி.

“சாஞ்சா சாயட்டும் அண்ணாச்சி. தம்பி எடுத்துக்கிடட்டும்.”

புத்தி உள்ளவன் கடையைத்தான் எடுப்பான், குடோன் தானாகத் தன் பக்கம் வரும். சோலைராஜ் அந்த நம்பிக்கையில்தான் கடையையே தூக்கி வைத்தார். முத்துசெல்வம் அண்ணன் பக்கம் திரும்பினான்.

“எனக்குக் குடோன் போதும்” என்றான்.

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி அண்ணன் தம்பியைப் பார்த்ததில்லை என்றார். சோலைராஜும் கண்ணைத் துடைத்தார். அது வேறு கண்ணீர் என்று பிரேமலதாவுக்குத்தான் தெரியும்.

“போய் ஒரு வார்த்தை கேளுங்க. தம்பிதான?” என்று தினமும் சொன்னாள்.

“என்னன்னு கேக்கச் சொல்லுத? கடையும் எனக்கு, குப்பையும் எனக்குன்னா?”

ஒரு வாரம் இப்படியே தட்டிக்கழித்தார். ஞாயிற்றுக்கிழமை கால் தானாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது.

குடோன் கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. முத்துசெல்வம் சுவர் வெடிப்பில் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தான்.

“வாண்ணே. இங்கன உக்காரு. மயினி நல்லாருக்காவளா?” இரண்டு வருசமாக முகம் கொடுத்துப் பேசாதவன், டீக்கு ஆளனுப்பினான். “நீ பங்கு வச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, கடைய எனக்கு விட்டுக்குடுக்கன்னு. நீயே அப்படி நெனைக்கும்போது, அப்பாவுக்குப் பெறவு கல்லாவுல இருக்கவன எழுப்பிவிட்டுட்டு நான் உக்காந்தா வெளங்குமா? ஜெயா கூட ஏசுனா. நான் கேக்கல.”

சோலைராஜ் காலி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கன கெடந்த கட்டெல்லாம்?”

“வெள்ளிக்கெழமையே மில்லுக்கு ஏத்திவிட்டுட்டேன். இங்கன தீப்பெட்டி ஒட்டுத ஆபீசு போடப்போறேன்லா, எடம் வேணும்.”

மில்லில் தாள் என்ன கதியாகும் என்று சோலைராஜுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவரே அனுப்பியவர்தான். இந்நேரம் தொட்டியில் ஊறிக் கூழாகியிருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். தம்பி சிமெண்டுக் கையோடு சிரித்துக்கொண்டு நின்றான். அப்பா செத்த பிறகு அவன் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறார். சொன்னால் அந்தச் சிரிப்பு செத்துப்போகும்.

டீ வந்தது. ஒரு வாய் குடித்தார்.

“தராசுல எடை நல்லா நின்னுச்சாலே?”

“வழுவழுத் தாளுல்லா, நல்லா நின்னுச்சுண்ணே.”

“நிக்கும்” என்றார் சோலைராஜ்.