பெட்டியின் முன்பக்கம்

கோயில் மதிலில் சாய்ந்துகொண்டு ஃபௌஸி துப்பாக்கியில் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய அண்ணன் தன்னூஸுக்கான அடக்கப் பூசை முடியும் தறுவாயில் இருந்தது. சவப்பெட்டியின் மேல் தேவதாரு மரம் போட்ட லெபனான் கொடி, கொடியின் மேல் பட்டாளத்துத் தொப்பி.

தன்னூஸின் ஒரே மகள் நுஹாத் விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

"சித்தப்பா, வேண்டாம்னு நேத்தே சொன்னேன்ல?"

"பட்டாளத்துக்காரன் சாவு. பெட்டி வெளிய வர்றப்ப ஒரு வெடி கூட வெடிக்கலைன்னா, இந்த வீட்ல ஆம்பளையே இல்லையான்னு ஊர் கேக்கும்."

"வேண்டாம்னது அப்பா."

"சாகப் போறவன் ஆயிரம் சொல்வான்."

சாகப் போகும்போது சொன்னதல்ல அது. போன வருஷம் எதிர்மேட்டுக் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஒரு தோட்டா தன்னூஸின் தோட்டத்தில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்த பெண்ணின் தோளில் இறங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கியவர் தன்னூஸ்தான். "மேல போனது கீழ வராமயா இருக்கும்? இது தெரியப் பட்டாளத்துக்கா போகணும்?" என்று திரும்பி வந்து கத்தினார். தன் சாவுக்கு யாரும் சுடக் கூடாது என்று அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் பறிப்புக் காலம். கோயிலுக்கு மேலே சரிவு முழுக்க ஏணிகள். ஏணிதோறும் தலைகள்.

நுஹாத் உள்ளே ஓடினாள். பங்குச்சாமியார் பெட்டியைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினார். இளவட்டங்கள் முன்னே வந்தார்கள்.

"நில்லுங்கப்பா!" ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "கூடப் பிறந்த தம்பி இருக்கறப்ப ஊராரா தூக்கறது? முன்னால என் சித்தப்பா. மத்த மூணு மூலையும் அவர் பிள்ளைங்க."

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஃபௌஸியும் மூன்று மகன்களும் நின்றார்கள். ஆளுக்கொரு துப்பாக்கி. மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

ஃபௌஸியின் மனைவி ஸல்மா கையை நீட்டினாள். "கொடுங்க. பிள்ளையைப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கறேன். உங்களைப் பாத்துக்கறதை விடச் சுலபம்தான்."

ஃபௌஸி நுஹாத்தை முறைத்தார். "உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு உனக்கு," என்று பல்லைக் கடித்தபடி தோளைக் கொடுத்தார்.

கல்லறை வரை ஏற்றம். தோள் மாற்ற வந்தவர்களை எல்லாம் நுஹாத் தடுத்தாள். "வேண்டாம், தம்பியே தூக்கட்டும்." பின்னால் ஸல்மா கறுப்பு அங்கியோடு துப்பாக்கிகளை விறகுக்கட்டு மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். மணி ஒலித்தது. வேறு சத்தம் இல்லை.

குடும்பக் கல்லறையின் இரும்புக் கதவு திறந்தது. பெட்டியை உள்ளே தள்ளினார்கள். கதவு மூடியது. தூக்கியவர்களின் கைகள் இப்போது காலி. இனிமேல்தான் பயம். நுஹாத் அசையாமல் நின்றாள்.

மூத்தவன் ரூகோஸ் அம்மாவிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினான். "அப்பா, இப்பச் சுடலாமா?"

ரூகோஸ் துப்பாக்கியை அவர் கையில் திணித்தான். அவர் அதை ஏதோ தெரியாத சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கை வரலடா," என்றார்.

தோட்டாக்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாமியாரிடம் தலையசைத்தார். இறக்கத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். தோளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வலது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.