பூனை மேல் போட்ட பழி

எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியபடி பேச்சியம்மா மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள். சவப்பெட்டியைச் சுற்றி நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு எழுந்திருக்கவில்லை.

"மயினி, எல்லாரும் எண்ணெ வச்சாச்சு. நீங்கதான் இன்னும் வைக்கல."

பேச்சியம்மா இறந்துபோன சிவசாமியின் தங்கை. காலையில் அகரபத்தனையிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், வாசலில் செருப்பை விட்ட இடத்திலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். அண்ணன் பெண்சாதியின் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாததை அவள் கவனித்துவிட்டாள். மற்றவர்களும் கவனித்தார்கள். நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள், மனசு கல்லாய்ச் சமைந்துவிட்டது, பாவம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மருமகள் வினோதா மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. தேத்தண்ணீர்த் தட்டோடு போகும்போதும் வரும்போதும் மாமியாரின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மாக்கண்ணுவுக்கு மனசு ஒன்றும் சமைந்துவிடவில்லை. அவளுக்குக் கோபம். பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகப் படுத்திருந்த மனிதர்மேல் அது இன்னும் தணியாமல் இருந்தது.

சிவசாமி தேயிலை அரைக்கிற ஸ்டோரில் முப்பத்தாறு வருஷம் வேலை செய்தவர். அதில் இருபது வருஷம் தோட்டக் கமிட்டித் தலைவர். பேர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. தோட்டத்துத் துரையே 'தலைவர்' என்றுதான் கூப்பிடுவார். பென்சன் வாங்கிய பிறகும் சலவைச் சட்டை போடாமல் லயத்து வரிசைவீட்டு வாசலைத் தாண்டமாட்டார்.

போன வருஷம் கார்த்திகையில் விடாமல் பெய்த மழையில் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியது. இனி இங்கே இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மகன் மதுரன் நானுஓயா ரயில் ஸ்டேஷனில் வேன் ஓட்டுகிறவன். ஸ்டேஷனுக்கு மேலே சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தான். அவன் வந்து சாமான்களையும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனான். அம்மாக்கண்ணுவின் மடியில், அட்டைப் பெட்டிக்குள், மொச்சை இருந்தது.

மொச்சை பதின்மூன்று வயசுப் பெண் பூனை. வெள்ளை முதுகில் மொச்சைக் கொட்டையைத் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததே சிவசாமிதான். ஸ்டோரில் நாய்கள் கடித்துக் குதறிய குட்டியைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார். பின்னங்கால் ஒன்று மடங்கியபடியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது வாசலைத் தாண்டியதில்லை. அடுப்படியில் ஒரு பழைய பேசினில் விறகுச் சாம்பலைக் கொட்டி வைத்திருந்தார்கள். பதின்மூன்று வருஷமும் அது அந்தச் சாம்பலில்தான் ஒன்றுக்கு இரண்டுக்குப் போனது.

மதுரன் வீட்டில் கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது? வினோதா மரத்தூள் வாங்கிவந்து பேசினில் நிரப்பி வைத்தாள். மொச்சை அதை முகர்ந்து பார்த்தது. திரும்பிக்கொண்டு பேசினுக்குப் பக்கத்தில் டைல்ஸ் தரையில் போனது. மறுநாள் கால்மிதியில் போனது. தான் படிப்பிக்கிற பாலர் பாடசாலைக்குக் கட்டிப் போக வினோதா பாயில் எடுத்து வைத்திருந்த சேலையிலும் ஒருநாள் போய்விட்டது. வினோதா கெட்டவள் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அலசிப் போட்டாள். வேறு சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அம்மாக்கண்ணு யோசித்துப் பார்த்தாள். விறகு போட்டுப் பாண் சுடுகிற பேக்கரி ஒன்று பஜாரில் இருந்தது. அங்கே போய் ஒரு பை சாம்பல் கேட்டு வாங்கி வந்தாள். மூன்றாம் நாளே மொச்சை அந்தத் தாழ்ந்த பேசினுக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

ஆனால் வீட்டிலிருந்த மூத்திர வாடை போகவில்லை.

ஒருநாள் காலையில் கட்டில் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். சிவசாமி படுக்கிற பக்கம் நனைந்திருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்து நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே, பூனை ஏறிவிட்டது என்றார். மடங்கிய காலை வைத்துக்கொண்டு மொச்சையால் ஒரு ஸ்டூலில்கூட ஏற முடியாது. அது அவருக்கும் தெரியும். அம்மாக்கண்ணு விரிப்பை உருவிக்கொண்டு போனாள்.

நான்கு தடவை அப்படித் துவைத்தாள். வாடை வரும்போதெல்லாம் வினோதா பூனையைப் பார்த்தாள். ஐந்தாம் தடவை அம்மாக்கண்ணு கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். வயசானால் யாருக்கும் வருவதுதான், டாக்டரிடம் காட்டலாம், துவைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாது என்றாள்.

"அந்த வாயில்லாத சீவன் மேல மட்டும் போடாதீங்க," என்றாள்.

"வாயக் கழுவு," என்றார் சிவசாமி. "நான் என்ன கைப்புள்ளையா?"

அடுத்த வாரம் வினோதாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்துவிட்டு, உட்காரமுடியாமல் எழுந்து போனார்கள். அன்றைக்கு அவள் அழுதாள். மதுரன் அப்பாவிடம் வந்து நின்று, பூனையை என்ன செய்வது என்று கேட்டான். சிவசாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணு அடுப்படி வாசலில் நின்று அவரையே பார்த்தாள். பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, வேண்டாம் விடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கொண்டுபோயி விட்டுரு," என்றார். "தூரமா விடு. திரும்பி வந்திராம."

பேப்பரைப் புரட்டிக்கொண்டார்.

வாடகை வேனோடு கண்டிக்கு ஹயர் போன மதுரன், பூனையை உர பேக்கில் போட்டு எடுத்துப்போய் இறம்பொடை பஜாரில் விட்டுவிட்டு வந்தான். மீன்கடை இருக்கிறது, பட்டினி கிடக்காது என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னான். நான்காம் நாள் அம்மாக்கண்ணு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி இறம்பொடைக்குப் போனாள். பலசரக்குக் கடை வைத்திருக்கும் மஃறூப் என்பவருக்கு அதைத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் தன் கடைப் பலகைக்கு அடியிலேயே கிடந்ததாகவும், பால் வைத்தும் வாய் வைக்கவில்லை என்றும் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் லொறிச் சக்கரத்தில் அகப்பட்டுக் கிடந்தது. கடைக்குப் பின்னால் வாழைமரத்தடியில் அவரே குழி வெட்டிப் புதைத்திருந்தார். கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகலாமே என்றும் கேட்டார்.

அம்மாக்கண்ணு குடிக்கவில்லை. அழவும் இல்லை. பஸ் லபுக்கலைக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறும்போது, என்ன செய்வதென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நாள் பார்த்துக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய தோட்டத்திலிருந்து கோயில் கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். மாசித் திருவிழாவில் தலைவர்தான் முன்னின்று கரகம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று வெற்றிலை பாக்கோடு கேட்க வந்திருந்தார்கள். சிவசாமி சலவைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மாக்கண்ணு நல்ல கோப்பைகளை எடுத்துத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். வந்தவர்களில் அழகன் என்பவர் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்து வினோதா கூசிப்போனாள். பூனை ஒன்று இருந்தது, கொண்டுபோய் விட்டாயிற்று, வாடைதான் போகமாட்டேன் என்கிறது என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

"கெழட்டுப் பூனை," என்றார் சிவசாமி. "அது விட்ட வாடை, போக நாளாகும்."

அம்மாக்கண்ணு கடைசிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"பூனை செத்து எட்டு நாளாச்சு," என்றாள். "இன்னைக்குக் காலையில நனைஞ்ச மெத்தைய நான்தான் வெயில்ல போட்டிருக்கேன். இவருதான். வந்த நாளையிலேருந்து இவருதான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தேத்தண்ணீருக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். நான்கு பேரும் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். சிவசாமி கையிலிருந்ததைக் குடிக்காமல் ஸ்டூலில் வைத்தார்.

அன்றைக்குத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். நனையக் கூடாதென்றால் குடிக்கக் கூடாது என்று கண்டுகொண்டார் போலும். உதட்டை ஈரப்படுத்திக்கொள்வார், அவ்வளவுதான். மதுரன் கெஞ்சினான். வினோதா கரண்டியில் ஊட்டப் பார்த்தாள். உனக்கு எதுக்கும்மா தொந்தரவு என்று வாயை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சேலைன் ஏற்றினார்கள். கிட்னி கெட்டுக்கொண்டு வருகிறது, வீட்டில் தண்ணீர் கொடுப்பதில்லையா என்று டாக்டர் கேட்டார். மதுரன் அம்மாவைப் பார்த்தான். வைக்கிறேன் என்றாள் அம்மாக்கண்ணு. அது பொய்யில்லை. காலையும் மாலையும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தாள், நிறைந்தபடியே எடுத்துவந்தாள். 'குடிங்க' என்று ஒருதரம் சொல்லியிருந்தால் அவர் குடித்திருப்பார். அது அவளுக்குத் தெரியும். பத்தொன்பது நாளும் அவள் சொல்லவில்லை. அவரும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்றுக் காலை விரிப்பை மாற்றப் போனபோது, அது காய்ந்துதான் கிடந்தது. சிவசாமி கண்ணைத் திறந்தார்.

"மொச்சைய எங்க பொதைச்சாங்க?" என்று கேட்டார்.

தொண்டை வறண்டு குரல் உடைந்திருந்தது. அம்மாக்கண்ணு மடித்த விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிறைந்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தாள். பிறகு போய்ப் பார்த்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

இப்போது பேச்சியம்மா கிண்ணத்தோடு வந்து அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, அடங்கிய குரலில் கேட்டாள்.

"கடைசியில ரொம்பச் சீப்பட்டாரா மயினி? படுக்கையில போயி அது இதுன்னு... எங்கண்ணன் அதத் தாங்கியிருக்க மாட்டாரே."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் கோயில் கமிட்டிக்காரர்கள் நான்கு பேரும் நின்றிருந்தார்கள். அழகன் தரையைப் பார்த்தார். வினோதா தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றுவிட்டாள்.

அம்மாக்கண்ணு அந்த நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் மருமகளைப் பார்த்தாள்.

"இல்ல பேச்சி," என்றாள். "சுத்தமாத்தான் இருந்தாரு. ஒருநாளும் படுக்கைய நனைச்சதில்ல. அதெல்லாம் பூனை."

வினோதா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மாக்கண்ணு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள். பெட்டியண்டை போய், மூன்று விரலால் எண்ணெய் தொட்டு அவர் உச்சியில் வைத்தாள். தலைமயிர் யாரோ வாரிவிட்டிருந்த வாகில் அழகாகப் படிந்திருந்தது. வாய்க்கரிசியைப் போட்டாள். பிறகு குனிந்து, காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். இப்போதாவது அழுகை வருகிறதே என்று பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்தார்கள்.

"இறம்பொடையில," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கடைக்குப் பின்னால, வாழமரத்தடியில. போற வழியில நின்னு, அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

நிமிர்ந்து மகனைப் பார்த்து, மூடலாம் என்று தலையசைத்தாள்.

தப்பு மேளச் சத்தம் எழுந்தது. ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வாசல்வரை போய் நின்றுகொண்டார்கள். பழைய தோட்டத்து மயானத்துக்குப் போகும் வண்டி மெதுவாகச் சரிவில் இறங்கியது. எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். இறந்தது யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இருந்தாலும் தலையிலிருந்த கயிற்றைக் கழற்றி, முதுகுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வண்டி வளைவில் மறையும்வரை நின்றார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்தில் குனிந்தார்கள்.

உள்ளே வீடு கழுவத் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அம்மாக்கண்ணு வாசலிலேயே நின்று, கடைசியாக நின்றவள் தன் தேயிலை நிரையை முடித்து அடுத்த நிரைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.