ராணியின் கண்கள்

பொம்மை கட்டுகிறவர்களின் சங்கத்தில் அவருக்குக் கோட்டை என்று பெயர். வருஷக்கணக்காகப் பொம்மைக் கோட்டைகளாகக் கட்டித் தள்ளியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெற்றவர்கள் வைத்தது சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். அவருடைய மனைவிக்கு அங்கே அந்தப் பாக்கியமும் இல்லை. ‘கோட்டை சார் வீட்டம்மா’, அவ்வளவுதான். வாங்கம்மா, உட்காருங்கம்மா, டீ குடிச்சீங்களாம்மா என்று மரியாதைக்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

அந்தப் பொம்மைகள் பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாக வரும். வெட்டி, உரசி, ஒட்டி, வண்ணம் தீட்டினால் ஒரு உலகமே எழுந்து நிற்கும்: மதில், பாலம், டிராகன், கட்டைவிரல் உயரத்துக்கு மனிதர்கள். வளர்ந்த ஆட்களுக்குப் பொம்மை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று சிரிக்கிறவர்கள் ஒருமுறை சங்கம் வருஷாவருஷம் நடத்தும் போட்டிக்கு வந்து பார்க்க வேண்டும். சொத்துத் தகராறில்கூட இத்தனை முறைப்பைப் பார்க்க முடியாது.

இந்த வருஷம் கோட்டை எடுத்தது ஒரு இடிந்த கோட்டை வாசல். வாசல் வளைவின் மேல் ஒரு டிராகன் சுருண்டு கிடக்கிறது. கீழே படிக்கட்டில், வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வயதான ராணி ஒருத்தி தன்னந்தனியாக அதை அண்ணாந்து பார்க்கிறாள். கல்லும் பாசியும் செதிலும் அவர் வேலை, அதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் முகம் அவர் வேலை இல்லை. இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. கல்லுக்கு நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. காய்ந்த பிரஷை மேலாக உரசினால் போதும், சொல்லப்போனால் நடுங்கும் கை வைத்த பாசிதான் நிஜப் பாசி மாதிரி இருந்தது. கண் அப்படியா? கடுகில் பாதி இருக்கும் இடம். முதல் வருஷம் அவர் எழுதி எழுதி அழித்ததில் மந்திரவாதி ஒருவனுக்கு ஒரு கண் கிழக்கேயும் ஒரு கண் மேற்கேயும் போய்விட்டது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், “கொஞ்சம் தள்ளுங்க” என்று அவள்தான் உட்கார்ந்தாள். பல் கட்டும் லேபில் வேலை அவளுக்கு. பீங்கான் பல்லில் நிஜப் பல்லின் லேசான மஞ்சளையும் ஓரத்து நீலத்தையும் பிரஷ் நுனியால் ஏற்றுகிறவள். மந்திரவாதியின் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின, முதல் பரிசு வந்தது.

நடுவர் அம்மா மைக்கைப் பிடித்து, “எத்தனையோ கண்ணு பாத்திருக்கேன், இது என்னையே திரும்பிப் பாக்குது” என்றார். கோட்டை தலைகுனிந்து கும்பிட்டார். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து அவளும் கை தட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள், சொல்லவில்லை. அடுத்த வருஷமும் அதே கதை. அவளுக்குக் கோப்பை வேண்டாம், அதைத் துடைத்து வைக்கிறவளே அவள்தான். யாராவது ஒருத்தரிடம், ஒரே ஒரு தரம், ‘கண்ணு அவ எழுதினது’ என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. வாய்விட்டுக் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் சங்கத்தில் புது விதி போட்டார்கள். யாரோ எங்கிருந்தோ தீட்டி முடித்ததை விலைக்கு வாங்கி வந்து தன்னுடையது என்று வைத்துவிட்டானாம். அதனால் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் முகத்தை மட்டும் வெறுமனே விட்டு வைத்து, அரங்கிலேயே எல்லார் முன்னாலும் தீட்டி முடிக்க வேண்டும். இதைக் கேட்டதும் அவருடைய கையை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. இனி அவருக்கு வேறு வழியில்லையே!

“சொல்லிடுங்க,” என்றாள் அன்று காலை கிளம்பும்போது. “ரெண்டு பேர் சேர்ந்து செய்யலாம்னு விதியிலயே இருக்கு. கண்ணு மட்டும் என் வீட்டுக்காரி எழுதுவான்னு சொன்னா முடிஞ்சுது.”

“நான் பாத்துக்கறேன்.”

“எப்படிப் பாத்துப்பீங்க? கப்பையே ரெண்டு கையால புடிக்கிறீங்க.”

“பாத்துக்கறேன்னு சொல்றேன்ல. சும்மா நைநைன்னு...”

அரங்கில் சுவரோரமாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. பார்க்க வந்தவர்களைத் தடுக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். செயலாளர் மணியடித்து, “ஒரு மணி நேரம். ஜோடியா செய்றவங்க இப்பவே பேரைக் குடுத்துடுங்க” என்று குரல் கொடுத்தார். அவள் கோட்டையையே பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். செயலாளர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

சரி, கடைசி நேரத்தில் கூப்பிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அவர் ராணியின் காலடிப் படிக்கட்டில் வேலையை ஆரம்பித்தார். அங்கே செய்ய ஒன்றுமே இல்லை, போன வாரமே முடிந்துபோன படி. தூசியைத் தட்டினார், பாசிக்கு இன்னும் கொஞ்சம் பச்சை ஏற்றினார், டிராகனின் நகத்தைத் துடைத்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் மூச்சுவிடாமல் முகத்தில் குனிந்திருக்க, இவர் மட்டும் வீடு பெருக்குகிற மாதிரி ஓரம் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். இடது கை மேஜைக்கு அடியில் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்ததை அவள் பார்த்தாள். பாவம் என்றும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

பாதி நேரம் ஓடிவிட்டது. நடுவர் அம்மா நெற்றியில் லென்ஸ் மாட்டிக்கொண்டு மேஜை மேஜையாக வந்தார். “என்ன கோட்டை சார், முகத்துக்கே வரலை? கண்ணைக் கடைசியாக் காட்டலாம்னு எங்களைக் காக்க வைக்கிறீங்களா?” என்று சிரித்தார். கோட்டையும் சிரித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நடுவர் நகர்ந்ததும் சின்ன பிரஷை எடுத்தார். நுனியைச் சாயத்தில் தொட்டு, ராணியின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனார். பிரஷ் துடித்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார், இரண்டு கையும் சேர்ந்து துடித்தது. பிரஷைக் கீழே வைத்தார். பிறகு தலையைத் தூக்கி, கூட்டத்துக்குள் தேடி, நேராக அவளைப் பார்த்தார்.

 கூப்பிடப் போகிறார். கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் பாதி எழுந்துவிட்டாள்.

அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கட்டரை எடுத்தார். ராணியின் கழுத்தில் வைத்தார். டிக்கென்று ஒரு சத்தம், தலை துண்டாகி மேஜையில் உருண்டது. கூட்டத்தில் யாரோ “ஐயோ!” என்றார்கள்.

அந்தப் பெட்டியில் ராணிக்கு இரண்டு தலை கொடுத்திருந்தார்கள். ஒன்று திறந்த முகம். இன்னொன்று முகமூடி இறக்கிய இரும்புத் தலைக்கவசம், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கீறல் மட்டும். கோட்டை அந்தக் கவசத்தலையை எடுத்துக் கழுத்தில் பசை தொட்டு ஒட்டினார். வெள்ளிச் சாயம், அதன் மேல் தண்ணீராகக் கரைத்த கறுப்பு, பழுப்பில் துரு. இரும்பில் விழுந்த கீறல்களுக்கு நடுங்கும் கை வெகு பொருத்தம். அவ்வளவு வேகமாக அவர் வேலை செய்து அவள் பார்த்தே பல நாளாகிறது. அவள் நின்றது நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெயரைச் சொல்வதைவிட ராணியின் தலையை வெட்டுவது இந்த மனுஷனுக்குச் சுலபமாக இருக்கிறதே என்று நினைத்தாள். 

மணியடித்தது. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். “எல்லாரும் முகத்தைக் காட்டினாங்க, இவர் மறைச்சுட்டார். அந்தக் கவசத்துக்குள்ள ராணி பயப்படுறாளா, கோபமா இருக்காளான்னு நாமதான் நினைச்சுக்கணும். தைரியமான முடிவு” என்றார் நடுவர் அம்மா. தைரியமாம்! மறுபடியும் கோட்டைக்கே முதல் பரிசு. சிலர் முணுமுணுத்தார்கள், பலர் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

கோப்பையை அணைத்துக்கொண்டு கயிற்றோரமாக வந்தார். வேர்த்து ஊற்றியிருந்தது, போன உயிர் திரும்பி வந்த முகம்.

“தப்பிச்சோம்,” என்றார் மெதுவாக.

“யாரு தப்பிச்சது?”

“சும்மா இரேன். யார் காதுலயாவது விழப் போகுது.”

 அவள் கயிற்றைத் தூக்கி அடியில் நுழைந்தாள். அவருடைய மேஜைக்குப் போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு இன்னும் அணைக்கப்படவில்லை. குப்பைக் கிண்ணத்தில் பிளாஸ்டிக் துணுக்குகளுக்கு நடுவே அவர் ஒதுக்கித் தள்ளிய ராணியின் தலை கிடந்தது. அதை எடுத்து ஊதினாள், ஒரு சாயப் புட்டியின் மூடியில் ஒட்டுக் களிமண் வைத்து அதில் அழுத்தி நிறுத்தினாள். பூதக்கண்ணாடியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

தோலுக்கு முதலில் பழுப்பு, அதன் மேல் வெளிர்நிறம். கண்குழிக்குள் ஒரு இருட்டுக் கோடு. கண்ணின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளை கூடாது, கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டும், பல்லுக்கும் அப்படித்தான். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினாள். கண்மணியைத் தனி வட்டமாக வைத்தால் பேயறைந்த மாதிரி முழிக்கும், மேல் இமையையும் கீழ் இமையையும் தொட வேண்டும். தொட்டாள். கை கல்லு மாதிரி நின்றது.

“அம்மா, அது போட்டியாளர் இடம்மா. போட்டி முடிஞ்சுபோச்சு,” என்று செயலாளர் ஓடி வந்தார்.

“தெரியும்,” என்றாள் தலை நிமிராமல்.

பின்னாலேயே நடுவர் அம்மா வந்தார். செயலாளரைக் கையமர்த்திவிட்டு லென்ஸை இறக்கிக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள், பேச்சு அடங்கிப்போயிற்று.

“இந்தக் கை எனக்குத் தெரியும்,” என்றார் நடுவர். “போன வருஷம் பாத்தேன். அதுக்கு முந்தின வருஷமும்.” நிமிர்ந்து கூட்டத்துக்குள் தேடினார். “கோட்டை சார்?”

 கோப்பையின் மூடி மட்டும் கிணுகிணுவென்று ஆடும் சத்தம் கேட்டது. அவர் அதை மார்போடு அழுத்தினார், சத்தம் நிற்கவில்லை. எல்லாரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்க்கவில்லை. எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிரஷில் சாயம் காய்ந்துகொண்டிருந்தது.

“அவதான்,” என்றார் கோட்டை. குரல் உடைந்திருந்தது. “என் கையால ஆகாது. மூணு வருஷமா கண்ணெல்லாம் அவதான் எழுதறா.” நிறுத்தி, அவளுடைய பெயரைச் சொன்னார். அந்த அரங்கில் யாரும் அதுவரை கேட்டிராத பெயர்.

அவளுக்குக் கண் கலங்கியது. இமைத்து இமைத்து உள்ளே தள்ளினாள். இத்தனை நாள் கேட்கத் தவித்த பேச்சு, வேறு போக்கிடம் இல்லாதபோதுதான் வந்திருக்கிறது. அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு கண்ணை யாரும் எழுதிவிடலாம், அதற்குத் துணையாக அடுத்ததை எழுதுவதுதான் பாடு, அது இன்னும் பாக்கி இருந்தது.

கூட்டம் விலகி வழி விட, அவர் வந்து அவள் தோளருகே நின்றார். ராணியின் தலை மேல் அவருடைய நிழல் விழுந்தது.

“தள்ளி நில்லுங்க,” என்றாள். “வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

அவர் தள்ளி நின்றார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டாவது கண்ணில் பிரஷை வைத்தாள்.