கையால் செய்தது

முதலில் வெளிர் சிவப்பு அச்சு. அதன் மேல் ஒரு மயிரிழை உள்ளே தள்ளி அடர் சிவப்பு. ஐந்து இதழும் முடிந்ததும் பென்சிலின் பின்பக்கத்து ரப்பரை மஞ்சள் மையில் தொட்டு நடுவில் ஒரு பொட்டு. ஓர் அட்டைக்கு மூன்று பூ. மூன்றும் ஆனதும் அட்டையை வலது பக்கம் நகர்த்தினால், அங்கே அண்ணி இலை வைப்பாள்.

நீளமான மேசையின் இரண்டு பக்கமும் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காற்று பட்டால் அட்டை சுருளும் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அச்சுக்கட்டையைத் துடைக்கிற திராவகத்தின் வாடை மதியத்துக்குள் தலையில் ஏறிவிடும். ஈஸ்டர் வாழ்த்து அட்டை வேலை குளிர் குறைவதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்தப் பண்டிகை வருடத்துக்கு வருடம் தேதி மாறுவது யாருக்கும் பிடிபடவில்லை.

"நமக்கு லாரி வந்து நிக்கிற நாள்தான் ஈஸ்டர்" என்று எதிர்ப் பக்கத்திலிருந்து ரேடியோ சொன்னாள். காலையில் வாய் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். பதிலுக்கு, எதிரே அண்ணியின் பக்கத்தில் பூ வைக்கிறவளுக்கு அவள் வைத்த பேர்தான் ஊசி. அச்சு வைத்தால் குத்தின இடத்திலேயே குத்துகிறாள் என்று. ஆறு வருடத்தில் ஊசியின் அட்டை ஒன்றுகூடச் சிவப்புத் தட்டில் விழுந்ததில்லை.

இலை தப்பிய அட்டை, மை சிந்திய அட்டை எல்லாம் மேஸ்திரியம்மாவின் சிவப்புத் தட்டுக்குப் போகும். ஒரு நாளில் ஒருத்தியுடையது பத்து விழுந்தால் மறுநாள் அவள் வர வேண்டியதில்லை.

ஊசி நான்காவது அட்டையை நகர்த்தினாள். மூன்றாவது இன்னும் அங்கேயே கிடந்தது. அண்ணியின் வலது கை மேசைக்கு அடியில் இருந்தது. விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மரத்துப் போச்சா?"

"எறும்பு ஊருது. நீ உன் வேலையப் பாரு."

அண்ணி கட்டையை எடுத்தாள், பச்சை மையில் ஒற்றினாள், அட்டை மேல் வைத்து உள்ளங்கையின் அடியால் அழுத்தினாள். எடுக்கிறபோது கை உதறியது. இலைக்கு இரண்டு ஓரம் வந்தது. பச்சை மை ஒட்டிய சுண்டுவிரல் காம்புக்குக் கீழே தேய்ந்து ஒரு தீற்றலும் விழுந்தது.

ஊசி மேஸ்திரியம்மா இருந்த பக்கம் பார்த்துவிட்டு அந்த அட்டையை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நூறு அட்டைக்கு ஐந்து கழிவு என்று கூடுதலாகக் கொடுப்பார்கள். அவளுக்கு அந்த ஐந்து தேவைப்பட்டதே இல்லை. இரண்டு மாதமாக அதெல்லாம் அண்ணியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கெட்டுப்போன அட்டைகள் காலி டிபன் பாக்சில் வீட்டுக்குப் போயின. அவற்றின் பின்பக்கத்தில்தான் அண்ணியின் மகள் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். பத்தாவது படிக்கிறாள். அண்ணன் செத்து நான்கு வருடமாயிற்று. இரண்டு பேர் சம்பளத்தில் ஒன்று நின்றாலும் முதலில் நிற்கப்போவது அந்தப் படிப்புதான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

"நேத்து ஏழு அட்டையா?" என்று அன்று காலையில்தான் மகள் கேட்டிருந்தாள். "போன மாசம் ரெண்டு மூணுதானே வந்துச்சு?"

அண்ணி அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் பாதியிலேயே நெகிழ்ந்து கையை விட்டு நழுவியது.

"கணக்கு அதிகம் போடத்தானே கொண்டாறோம்" என்றாள் அண்ணி. மகள் சடையை முன்னால் இழுத்து மிச்சத்தைத் தானே பின்னிக்கொண்டாள்.

அந்த வாரமே தர்ம ஆஸ்பத்திரியில் அண்ணியின் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார்கள். நரம்பு அழுந்திவிட்டது, சின்ன ஆபரேஷன், அப்புறம் ஆறு வாரம் கை அசையக் கூடாது என்றார்கள். தள்ளிப் போட்டால் உணர்ச்சி திரும்பாது என்றும் சொன்னார்கள். தேதி எழுதின சீட்டை அண்ணி அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

அட்டைகளை வாங்குகிற அம்மாள் நேரில் வந்தது அதற்கு நான்கு நாள் கழித்து. முதலாளி கூடவே குனிந்து குனிந்து நடந்து வந்தார். அந்த அம்மாள் பேசியது யாருக்கும் புரியாத பாஷை. முதலாளி பாதியைத் தமிழில் சொன்னார்.

ஊசியின் அடுக்கிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள் அந்த அம்மாள். இன்னொன்றை எடுத்தாள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். ஊசிக்குக் காது சூடாயிற்று. இவ்வளவு கவனமாக யாரும் அவள் பூவைப் பார்த்ததில்லை.

முதலாளியின் முகம் மாறியது. "இது மெஷின்ல அடிச்சதான்னு கேக்குறாங்க."



"எழுந்திருங்கம்மா எல்லாரும். பெரியவங்க வந்திருக்காங்க, உக்காந்துட்டே இருக்கீங்க" என்று மேஸ்திரியம்மா அதட்டினாள், சும்மா நிற்பதற்குப் பதிலாக எதையாவது செய்ய வேண்டுமென்று.

பதினோரு பேரும் எழுந்தார்கள். ஊசியின் பாவாடையில் ஒட்டிக்கொண்டிருந்த மூன்று அட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

மேஸ்திரியம்மா குனிவதற்குள் அந்த அம்மாள் குனிந்துவிட்டாள். இரண்டு ஓரம் விழுந்த இலை. காம்புக்குக் கீழே சுண்டுவிரல் தீற்றல். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் தீற்றலின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"இதுதான் கை வேலைன்னு சொல்றாங்க" என்றார் முதலாளி. அவர் குரலில் நம்பிக்கை இல்லை. "இதுல ஒரு உயிர் இருக்காம். யார் வச்சது இது?"

மறுநாளிலிருந்து எல்லோரும் நடுங்க வேண்டியதாயிற்று.

"எம் மாமியார நெனச்சுக்கிட்டு வெக்கிறேன், கை தானா உதறுது" என்றாள் ரேடியோ.

"உன் மாமியாருக்குத்தானடி உன்னை நெனச்சா உதறும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். மேசை முழுக்கச் சிரித்தது. மேஸ்திரியம்மா ஒவ்வொருத்தி அட்டையாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஒரே மாதிரி நடுங்கித் தொலைக்கிறீங்களே!"

ஊசியால் நடுங்கவே முடியவில்லை. வேண்டுமென்றே கையை உதறினாள். பத்து அட்டையை வரிசையாக வைத்துப் பார்த்தால் பத்திலும் உதறல் ஒரே அளவில், ஒரே இடத்தில் விழுந்திருந்தது.

அண்ணியைத் தனி மேசைக்கு மாற்றினார்கள். ஜன்னலை ஒட்டிய மேசை. நாற்காலிக்கு முதுகுச் சாய்மானம் இருந்தது. பூ, இலை, காம்பு எல்லாமே அவளே வைக்க வேண்டும். நாற்பது அட்டை, ஒன்றுபோல ஒன்று இருக்கக் கூடாது, நிதானமாகச் செய்தால் போதும் என்று முதலாளி சொல்லியிருந்தார். முடிந்த ஒவ்வோர் அட்டையையும் மெல்லிய தாளில் சுற்றி எடுத்துப் போனார்கள். பதினொரு மணிக்கு டீ வந்தது. இவ்வளவு நாள் "இந்தாம்மா" என்று கூப்பிட்ட மேஸ்திரியம்மா "அக்கா" என்று கூப்பிட்டாள்.

"எட்டு வருஷம் கோணாம வச்சேன், ஒரு டம்ளர் தண்ணி குடுத்தவங்க இல்ல" என்று வீட்டுக்கு நடக்கிற வழியில் அண்ணி சொன்னாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை ஊசி அன்றுதான் பார்த்தாள். "கெடுத்து வெச்சா டீ குடுக்குறாங்கடி."

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரி தேதி, அண்ணி."

"முதலாளி நாப்பதையும் முடிச்சுட்டுப் போகச் சொல்லிட்டாரு."

"அவர் சொன்னா? கை உங்க கை."

அண்ணி டிபன் பாக்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "சரியாயிட்டா என்ன பண்றது?" என்றாள்.

ஊசிக்கு முதலில் புரியவில்லை.

"கை நல்லாயிட்டா மறுபடியும் அந்த வரிசைதான். இப்பத்தான் உக்கார ஒரு எடம் குடுத்திருக்காங்க. அவ பன்னெண்டாவது முடிக்கட்டும். அதுவரைக்கும் இது இப்படியே நடுங்கட்டும்."

வியாழக்கிழமை போயிற்று. ராத்திரியில் கட்டிக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த மணிக்கட்டுப் பட்டையையும் அண்ணி கழற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். மகள் அதை இரண்டு முறை எடுத்து வந்து அவள் தலைமாட்டில் வைத்தாள். இரண்டு முறையும் அது அரிசி டப்பாவுக்கே திரும்பிப் போனது. நாற்பதாவது அட்டையை முடிக்கிறபோது அண்ணியால் கட்டையை ஒரு கையால் தூக்க முடியவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்தினாள். அந்த அட்டையைப் பார்த்து முதலாளி, "பிரமாதம்" என்றார்.

பிறகு ஒரு வாரம் வேலை இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். திரும்பிப் போன அன்று மேசை மேல் கட்டைகளும் இல்லை, மையும் இல்லை. சுவரோரம் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

மேஸ்திரியம்மா ஒன்றைப் பிரித்தாள். ஊசி ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு ஓரம் விழுந்த இலை. விரலால் தடவினாள். கட்டை அழுத்தின இடத்தில் அட்டை கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், தடவினால் தெரியும். இது கண்ணாடி மாதிரி வழுக்கியது. அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததையும். எல்லாம் அண்ணியின் பூக்கள். நாற்பதையும் கலந்து கலந்து அடித்திருந்தார்கள். அடுத்தடுத்து ஒன்றுபோல் ஒன்று வராது.

"இனிமே பின்னால ஒரு ஸ்டாம்பு மட்டும்தான்" என்று மேஸ்திரியம்மா ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினாள். "கையால் செய்ததுன்னு இதுல போட்டிருக்கு. நாலு பேர் போதும்."

"மெஷின்ல அடிச்சுட்டுக் கையால் செய்ததா?" என்றாள் ரேடியோ. "அந்தம்மா கேட்டா?"

"ஸ்டாம்ப நீ காலாலயா வெக்கப்போற?"

யாரும் சிரிக்கவில்லை.

பதினோரு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று அட்டை வைத்துக் காட்டினார்கள். எழுத்து கீழ் விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும், மை இழுபடக் கூடாது. ஊசியின் மூன்றையும் பார்த்துவிட்டு மேஸ்திரியம்மா, "நீ போய் உக்காரு" என்றாள். ரேடியோவுக்கு இரண்டு சாய்ந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக ஒன்றும் பேசாமல், வெளியே போனாள்.

அண்ணி ஸ்டாம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் அட்டையில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டாவதில் பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே போயிற்று. மூன்றாவதை வைக்க விடாமல் மேஸ்திரியம்மா அவள் கையிலிருந்து ஸ்டாம்பை வாங்கிக்கொண்டாள்.

"என்னம்மா இது. படிக்க முடிய வேணாமா?"

"பூவெல்லாம் என்னோடதுதானே" என்றாள் அண்ணி.

"பூ நடுங்கலாம். எழுத்து நடுங்கக் கூடாதும்மா."

அண்ணி சுவரோரம் நின்ற பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிபன் பாக்சை எடுத்துக்கொண்டாள். மூடி சரியாக மூடவில்லை. ஊசி எழுந்து வந்து மூடிக் கொடுத்தாள்.

நான்காவது ஆள் அமையவில்லை. சாயங்காலம் வாசலில் மேஸ்திரியம்மா ஊசியை நிறுத்தினாள்.

"உங்க அண்ணிக்கு ஒரு பொண்ணு இருக்காளே. கையெழுத்து நல்லாருக்குமா?"

"படிக்கிறா."

"பதினாறு ஆச்சா?"

"பதினஞ்சு."

"பதினாறுன்னு சொல்லு."

ஊசி அதை வீட்டில் சொல்லவில்லை. அண்ணியும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார்கள். தேதி தவறிவிட்டது, இனிமேல் ஆபரேஷன் செய்தாலும் பாதிதான் திரும்பும், அதற்கும் வரிசை அடுத்த வருடம்தான் வரும் என்றார்கள். மூன்றாம் நாள் பெட்டிக்கடைப் பக்கம் மேஸ்திரியம்மா அந்தப் பெண்ணை நேரிலேயே பார்த்துப் பேசியிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் தானே சடை பின்னிக்கொண்டாள், இறுக்கமாக. பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு டிபன் பாக்சை அதற்குள் வைத்தாள். அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஈஸ்டர் முடியற வரைக்கும்தான்மா" என்றாள் மகள்.



ஊசிக்கு வலது பக்கத்து இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள். பெட்டியிலிருந்து ஒரு கட்டு அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். முதல் அட்டையிலேயே காம்புக்குக் கீழே ஒரு பச்சைத் தீற்றல் இருந்தது. ஈரம் என்று நினைத்துத் துணியின் நுனியால் துடைத்தாள். போகவில்லை. நாக்கில் விரலைத் தொட்டுத் தேய்த்தாள்.

"அத்தை, இது அம்மா விரல்."

"தேய்க்காத. அது போகாது."

அவள் அந்த அட்டையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கட்டிலிருந்த அட்டைகளைக் கொஞ்ச தூரம் புரட்டிப் பார்த்தாள். அதே தீற்றல், அதே இடத்தில் மறுபடியும் வந்தது. அதற்குப் பிறகு புரட்டவில்லை.

முதல் அட்டையை எடுத்துப் பூ கீழே போகும்படி கவிழ்த்தாள். ஸ்டாம்பை மையில் ஒற்றி, விளிம்புக்கு நேராக வைத்து, உள்ளங்கையின் அடியால் அழுத்தினாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அப்படித்தான் அழுத்தினாள்.

மேஸ்திரியம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கையால் செய்தது. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"நல்ல கை" என்று சொல்லிவிட்டு இரண்டாவது அட்டைக்கட்டையும் அவள் முன்னால் வைத்தாள்.