படத்தில் ஆள் வேண்டாம்

படிப்பின் பெயர் 'நிலையான வளர்ச்சியும் தொழில்முனைவும்'. பல்கலைக்கழகம் மலைக்குக் கீழே எங்கோ இருந்தது. எப்சிபா படித்ததோ பீர்மேட்டில், தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில், கைப்பேசியை ஜன்னலோரம் சாய்த்து வைத்து.

கடைசிப் பரீட்சைக்குக் குழுவாக ஒரு தொழில் திட்டம் போட வேண்டும். குழுத் தலைவன் அருண்பாண்டி, பட்டணத்துப் பையன். "உங்க லயத்தைப் படம் எடுத்து அனுப்பு. ஆளுங்க மட்டும் வேண்டாம், கிளீனா இருக்கணும்" என்றான். எல்லாரும் கொழுந்து எடுக்கப் போன நேரம் பார்த்து, கொடியில் காய்ந்த துணிகளை உருவி உள்ளே போட்டுவிட்டு அவளும் அழகாக எடுத்து அனுப்பினாள். திட்டம் என்னவென்று அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. அவளுக்கு விட்டுவைத்தது நன்றியுரை. பெரிய மனசு!

ஞாயிற்றுக்கிழமை திட்டத்தை இணையத்தில் விளக்கினார்கள். பேராசிரியரோடு மதிப்பெண் போட வந்திருந்த நிபுணர், எப்சிபாவின் தோட்டத்து முதலாளியேதான். திரையில் முதலில் வந்தது அவள் எடுத்த படம். அதன் கீழே, 'கைவிடப்பட்ட கட்டடங்கள்'. அடுத்து அதே வீடுகள், வெள்ளையடித்து, ஊஞ்சல் கட்டி. வெளிநாட்டுக்காரர்கள் கூடையை மாட்டிக்கொண்டு தொழிலாளி போல ஒருநாள் வாழ்ந்து பார்ப்பார்களாம். புதிதாகக் கட்ட வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், இயற்கைக்குக் கேடில்லை என்றான் அருண்பாண்டி. மனிதருக்குக் கேடு வந்தால் அது பாடத்தில் இல்லை போலிருக்கிறது.

"பிரமாதம்! மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிரலாம். ரெண்டு மூணு குடும்பம் இருக்கும், காலி பண்ணச் சொல்லிரலாம்" என்றார் முதலாளி. ஒழுகும் கூரைக்கு ஓடு கேட்டு லயமே திரண்டு போனபோது கையை விரித்த அதே மனிதர். எத்தனை குடும்பம் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

எப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றி சொல்ல அழைத்ததும் கேமராவைப் போட்டாள்.

"சார், அந்தப் படத்துல மூணாவது வீடு எங்க வீடு. நாங்க அதுலதான் இருக்கோம்."

கைப்பேசியோடு வாசலுக்கு வந்தாள். அவள் அம்மா மதலேனம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருடி போன்ல?"

"நம்ம முதலாளிம்மா. இது ஆளில்லாத வீடாம். நம்மளக் காலி பண்ணச் சொல்லப் போறாராம்."

மதலேனம்மாள் செதில் ஒட்டிய கையோடு எழுந்து வந்தாள்.

"ஏன் சார், நாங்க எல்லாம் செத்துட்டமா?"

பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் வந்தாள். அவளுக்குப் பின்னால் லயமே வந்து கைப்பேசியை எட்டிப் பார்த்தது. முதலாளி தன் கேமராவை அணைத்துவிட்டார். பேராசிரியர்தான் குறுக்கிட்டார்.

"எப்சிபா, இது உங்க மார்க்கைப் பாதிக்கும்மா."

"மார்க்கை நீங்களே வச்சிக்கோங்க சார். வீடு எங்களுக்கு வேணும்."

அந்தப் பாடத்தில் அவளை ஃபெயிலாக்கிவிட்டார்கள். காலி பண்ணச் சொல்லி லயத்துப் பக்கம் இன்னும் ஒருவனும் வரவில்லை. வந்துதான் பார்க்கட்டுமே!