ரொவீனாவின் மூன்றாவது பந்து

ரொவீனா அடிக்கும் பந்து உடனே கீழே விழுவதில்லை. ஒன்பது வயதில் அது அரை நிமிடம் தாமதித்தது. பன்னிரண்டு வயதில், பந்தை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர முடிந்தது. பதினைந்து முடிந்த இந்த ஜூன் மாதத்தில், திங்கட்கிழமை அடித்த பந்து வியாழக்கிழமைதான் வலைக்கு அந்தப் பக்கம் வந்து விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து இந்தச் செய்தி போனதும் மாநில டென்னிஸ் சங்கம் தில்லைநாயகியை அனுப்பிவைத்தது.

வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களின் திறனை மதிப்பிடுவது தில்லைநாயகியின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறாள். திறன் உள்ளவர்களின் பந்து தாமதமாக விழும், இல்லாதவர்களின் பந்து உடனே விழும். ஆனால் தாமதம் மட்டும் போதாது. பந்து கோட்டுக்குள் விழ வேண்டும். ஈரோட்டில் ஒருவன் அடித்த பந்து ஏழு வருடம் மேலேயே இருந்தது. ஊரே அவனைக் கொண்டாடியது. கடைசியில் அது மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாவு மில்லின் கூரைமேல் விழுந்தது. தில்லைநாயகி நேரில் போய் நாடா பிடித்து அளந்து, 'வெளியே' என்று எழுதிவிட்டு வந்தாள். அவன் இப்போது அந்த மில்லில்தான் வேலை பார்க்கிறான்.

ஜூலை ஒன்றாம் தேதி காலை அவள் ஒரு மடக்கு நாற்காலி, இரும்பு நாடா, ஃபிளாஸ்க், சங்கத்தின் படிவம் ஆகியவற்றோடு வந்து இறங்கினாள். கடற்கரைச் சாலையில், பழைய கிளப் கட்டடத்துக்குப் பின்னால் செம்மண் மைதானம் இருந்தது. படிவத்தில் மூன்று வரிகள். வலப்பக்கப் பந்து ஒன்று, இடப்பக்கப் பந்து ஒன்று, சர்வீஸ் ஒன்று. மூன்றும் உள்ளே விழுந்தால் பெங்களூரில் நடக்கும் பயிற்சி முகாமில் தென்மாவட்டங்களுக்கு இருக்கும் ஒரே இடம் ரொவீனாவுக்கு. பட்டியல் முப்பதாம் தேதி மூடப்படும்.

பந்தை அடித்தவள் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். எதிரே இருப்பவள்தான் நின்றாக வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் நீங்கலாக. பந்துகளும் அந்த நேரத்தை அனுசரித்தே விழுகின்றன. ரொவீனாவுக்கு எதிரே இரண்டு வருடமாக நிற்பவள் காயல்பட்டினத்து ரமீசா. இப்போது தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் காத்திருப்பது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

முதல் பந்தை ரொவீனா பள்ளிக்கூடச் சீருடையிலேயே அடித்தாள். ஒல்லியான பெண். அடித்ததும் ஒரு கணம் மேலே பார்த்தாள், பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ஐந்தாம் நாள் பதினொன்றேகாலுக்குப் பந்து விழுந்தது. பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே. ரமீசா அதைத் திருப்பி அடித்தாள். அது உடனே ரொவீனாவின் பக்கம் விழுந்து, யாரும் இல்லாத செம்மண்ணில் மூன்று முறை குதித்து, உருண்டு, வேலி ஓரம் நின்றது. ரொவீனா அப்போது கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பந்துக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவும் உள்ளேதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, ரொவீனா தேவாலயப் பூசையில் இருந்தாள்.

மறுநாள் சர்வீஸ். தில்லைநாயகி இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ சர்வீஸ்களைப் பார்த்திருக்கிறாள். இதை அடித்தபோது அவள் நாற்காலியிலிருந்து தானாக எழுந்துவிட்டாள். பந்து போன இடத்தில் வானம் கொஞ்ச நேரம் வெளுத்திருந்தது. படிவத்தில் அடித்த நேரத்தை எழுதிவிட்டு உட்கார்ந்தாள்.

ஐந்து நாள் போயிற்று. பந்து வரவில்லை.

ரொவீனாவின் அம்மா அசுந்தாவுக்குத் துறைமுக எடைமேடையில் வேலை. மதியம் வரும்போது இரண்டு டிபன் கேரியர்கள் கொண்டுவருவாள். ஒன்று ரமீசாவுக்கு, ஒன்று தில்லைநாயகிக்கு.

"லாரி ஏறி நின்னா ரெண்டு நிமிசத்துல எடையச் சொல்லிருவேன் மேடம். ஒங்க வேலைதான் கஷ்டம்," என்றாள் ஒருநாள்.

"உங்க மகளை என்ன எடைன்னு சொல்வீங்க?"

"நாப்பத்தாறு கிலோ," என்றாள் அசுந்தா. மூடியில் குழம்பை ஊற்றியபடியே, "மத்தது எங்க மேடையில நிக்காது," என்றாள்.

சாயங்காலங்களில் ரொவீனா பள்ளி விட்டு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். அதிகம் பேச மாட்டாள். பக்கத்து மைதானத்தில் கிளப் உறுப்பினர்கள், தொப்பை விழுந்த வக்கீல்களும் டாக்டர்களும், ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பந்தெல்லாம் உடனுக்குடன் விழும். அந்தச் சத்தத்துக்கு ரொவீனா தலையை லேசாக ஆட்டுவாள்.

"மேடம், இந்தச் சத்தம் ஒங்களுக்குப் பிடிக்குமா?"

"எந்தச் சத்தம்?"

"அந்தா, டப்பு டப்புன்னு. போகுது, வருது, போகுது, வருது. நான் இதுவரைக்கும் ரெண்டாவது பந்து அடிச்சதே இல்ல. ஒண்ணு அடிப்பேன், அவ்வளவுதான்." முட்டியைக் கட்டிக்கொண்டாள். "முகாமுக்குப் போனா அடிக்கலாமா?"

தில்லைநாயகிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியலம்மா," என்றாள்.

ரமீசா வேறு மாதிரி. நின்றபடியே பேசுவாள், கண்ணை மேலிருந்து எடுக்காமல். "என் பந்து அடிச்ச ஒடனே விழுந்திரும் மேடம். எங்கயும் போகணும்னு அதுக்கு ஆசையே கிடையாது. ஆனா அவ பந்து வரும்போது பக்கத்துல நின்னிருக்கீங்களா? மூஞ்சில ஒரு குளிர் அடிக்கும். அவ்வளவு ஒசரத்துல இருந்த குளிர். அதுக்காகவே நிக்கலாம்."

இருபத்தேழாம் தேதி அவளுக்குக் கடிதம் வந்தது. திருச்சியில் ஒரு கல்லூரி. இருபத்தொன்பதாம் தேதி சேர வேண்டும். மைதானத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தபால்காரர் போய்விட்டார். ரமீசா அதை மட்டையின் மேல் வைத்துப் படித்தாள். அன்று மாலை ஆறு மணிக்கு அவள் வலையருகே வந்து நின்று, "நாளைக்கு மேல நான் நிக்க முடியாது மேடம்," என்றாள்.

தில்லைநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இதே வாக்கியத்தை அவள் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் ஓர் அரையிறுதி ஆட்டம். இடப்பக்கம் வந்த பந்தைக் கோட்டை ஒட்டி அடித்தாள். அடித்த கணத்திலேயே தெரிந்தது, வாழ்நாளில் இனி இப்படி ஒன்றை அடிக்கப்போவதில்லை என்று. பந்து மேலே போயிற்று. எதிரே நின்ற பெண் நல்லவள். பதினொரு மாதம் நின்றாள். மழையில் நின்றாள், அக்கினி நட்சத்திரத்தில் நின்றாள். பிறகு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வலைக்கு மேலே கைநீட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். எதிரே ஆள் இல்லாத ஆட்டத்தைச் சங்கம் அன்றைக்கே மூடியது. படிவத்தில் 'விழவில்லை' என்று எழுதினார்கள். அது உள்ளேயா வெளியேயா என்றுகூடத் தில்லைநாயகி பிறகு கவலைப்பட்டதில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு திருமண மண்டபம் இருக்கிறது. விழுந்திருந்தால் மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அந்த ஓர் எண்ணம்தான், ஏதாவது ஓர் ஊரில், ஏதாவது ஒரு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவளைத் தேடி வரும்.

இருபத்தெட்டாம் தேதி சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"விழுந்ததா?"

"இல்லை சார்."

"எதிரே நிற்கிற பெண் போகிறாளாமே. 'விழவில்லை'ன்னு எழுதி மூடிருங்க. விருதுநகர்ல ஒரு பெண் இருக்கிறாள். பந்து ரெண்டு நாள்தான், ஆனால் மூணும் உள்ளே."

"எதிரே ஆள் நிற்கிற வரைக்கும் ஆட்டம் முடிந்ததாகாது சார். நடக்கிற ஆட்டத்தைக் காரணம் காட்டிப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக் கூடாது. விதி பதினான்கு."

"விதி தெரியும் அம்மா. யார் நிற்கப்போகிறார்கள்?"

தில்லைநாயகி பதில் சொல்வதற்கு முன்பு மைதானத்தைப் பார்த்தாள். ரமீசா நின்ற இடத்தில், இரண்டு வருடத்தில் இரண்டு பாதங்களின் அளவுக்குச் செம்மண் குழிந்திருந்தது.

அன்று மாலை அவள் மெயின் பஜாருக்குப் போய்க் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினாள். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் படிவத்தின் மூன்றாவது வரியில் 'ஆட்டம் நடக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மதிப்பீட்டாளர் எதிராளியாக நிற்கக் கூடாது என்பதால், ஐந்தே முக்காலுக்குக் கால வரையறையில்லாத விடுப்புக்கு எழுதினாள். இரண்டையும் ஒரே உறையில் போட்டாள். ஆறு மணிக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போனாள்.

திருச்சி வண்டியைப் பிடிப்பதற்கு முன் ரமீசா வந்து மட்டையைக் கொடுத்தாள். "பத்து மணிக்கு மேல வெயில் நேரா கண்ணுல அடிக்கும். அப்ப கொஞ்சம் எடதுபக்கமா நின்னுக்கங்க," என்றாள். பிறகு, "அந்தக் குளிர் வந்தா எனக்கு எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதுறேன்."

இருபத்தேழு வருடம் கழித்துத் தில்லைநாயகி முழங்காலை மடக்கி, குதிகாலைத் தூக்கி நின்றாள். இத்தனை வருடமும் அவள் வேலை விஷயமாகத் தவிர வானத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அது முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

சங்கத்திலிருந்து பதில் வந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருப்பதால் ரொவீனாவின் பெயர் பட்டியலில் இருக்கும். அவள் முகாமுக்குப் புறப்படலாம். பந்து வெளியே விழுந்தால் மட்டும் திரும்பி வந்துவிட வேண்டும்.

கிளம்பும் நாளில் ரொவீனா பெட்டியோடு மைதானத்துக்கு வந்தாள். அசுந்தா ஆட்டோவில் காத்திருந்தாள்.

"எப்ப வரும்னு தெரியாதே மேடம்."

"தெரியாதுதான்."

"கால் வலிக்குமே."

"வலிக்கட்டும்."

ரொவீனா வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் அதை அடிக்கும்போது உள்ள, வெளியன்னெல்லாம் நெனைக்கல. சும்மா, எங்கயோ போகணும்போல இருந்துச்சு. அப்படியே அடிச்சிட்டேன். தப்பா மேடம்?"

"தப்பில்ல," என்றாள் தில்லைநாயகி. கண்ணை வானத்திலிருந்து எடுக்க முடியாததால் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அது எங்க விழுந்தாலும் சரி. விழுற சத்தத்தைக் கேட்க இங்க ஒரு ஆள் இருக்கு. நீ போ."

"ஏட்டி, வண்டிக்கு நேரமாச்சு!" என்று அசுந்தா கூப்பிட்டாள். ரொவீனாவின் செருப்புச் சத்தம் ஓடி, நின்று, மறுபடி ஓடிப் போயிற்று.

ஆகஸ்ட் முழுவதும் காற்று. தில்லைநாயகிக்குக் கணுக்கால் வீங்கி, பிறகு வற்றியது. அசுந்தா மதியம் தோறும் கேரியர் கொண்டுவந்தாள். மகளிடமிருந்து போன் வந்தால் அவள் சொன்னதை அப்படியே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒப்பிப்பாள். சில மதியங்களில் அவளும் மேலே பார்த்துக்கொண்டு நிற்பாள். எடைமேடை மணி அடித்ததும் போய்விடுவாள்.

செப்டம்பர் கடைசியில் ரொவீனாவின் கடிதம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் தில்லைநாயகி அதைப் படித்தாள்.

'மேடம், இங்கே மணிப்பூரிலிருந்து தோய்பி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். அவள் பந்து அவள் அடிப்பதற்கு முன்பே விழுந்துவிடும். எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். நான் அடிக்கும் பந்து அவளிடம் அடுத்த மாதம்தான் போய்ச் சேரும். ஆனால் அவள் அடுத்த மாதம் திருப்பி அடிக்கப்போகும் பந்து எனக்கு இப்போதே வந்துவிடுகிறது. நேற்று ஒரே மூச்சில் நாற்பத்தொரு பந்து ஆடினோம். அவள் இன்னும் ஒன்றுகூட அடிக்கவில்லை. டப்பு டப்பு என்று கேட்டது மேடம். உங்கள் நினைவு வந்தது.'

தில்லைநாயகி அதை நான்கு முறை படித்தாள். பிறகு அரைமணி நேரம் முடிந்துவிட்டதால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

அக்டோபரில் ஒரு காலை, சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் சுமை ஆட்டோவில் வந்தார்கள். மூத்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வேலியருகே நின்று வாசித்தார். இந்த மைதானத்தின் கோடுகளுக்குச் சேலத்துக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வர வேண்டிய கோடுகள் மருத்துவ விடுப்பில் இருப்பதால் இன்னும் பணியில் சேரவில்லை. அதுவரை மைதானம் கோடில்லாமல் இருக்கும்.

இருவரும் உட்கார்ந்து, கோடாகப் பதித்திருந்த வெள்ளைப் பட்டைகளின் ஆணிகளைப் பிடுங்கினார்கள். பின்கோடு, பக்கக் கோடுகள், சர்வீஸ் கோடு என்று ஒவ்வொன்றாக மண்ணைத் தட்டிச் சுருட்டினார்கள். ஒரு கோடு மட்டும் வர மறுத்தது. மூத்தவர் அதன் பக்கத்தில் குந்தி, சேலத்தில் மாம்பழம் நன்றாக இருக்கும், பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள் என்று மெதுவாகச் சொன்னார். அது வந்தது.

கடைசிக் கோடு தில்லைநாயகியின் காலடியில் இருந்தது.

"கொஞ்சம் காலத் தூக்குங்கம்மா," என்றார்.

அவள் வானத்தைப் பார்த்தபடியே இடது காலைத் தூக்கினாள். பிறகு வலது காலை.