விளிம்பு தேய்த்த மாத்திரை

கண்ணாடி வெட்டுவது என் தொழில். ஜன்னலுக்கு வெட்டினாலும் சரி, மேசைக்கு வெட்டினாலும் சரி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் கையில் கொடுப்பேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம்தான் என் தங்கையின் பதினோரு மாதங்களை விழுங்கியது.

தங்கை நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். வீட்டில் அவளுக்கு மீன்குட்டி என்று பெயர். முப்பது வயதுக்கு மேல் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது வலிப்பு. இரண்டு தடவை விழுந்தாள். ஒரு வருடம் முழுக்க ஃபிட்ஸ் வராமல் இருந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கரையில் நின்று விசில் ஊதியே பாடம் நடத்தினாள்.

மாத்திரை என்றால் எனக்கு அதுவரை காய்ச்சலும் தலைவலியும்தான். வலிப்புக்கான இந்த மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னபோது வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். மூளையில் நரம்புகள் முறை வைத்துப் பேச வேண்டுமாம். எல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தால் அதுதான் வலிப்பு. மாத்திரை யார் வாயையும் மூடுவதில்லை, கூச்சலை மட்டும் அடக்குகிறது. "குளத்துல எல்லாப் பிள்ளையும் ஒண்ணா குதிக்கும்போது நான் விசில் ஊதுற மாதிரி" என்றாள் தங்கை. டாக்டரே சிரித்துவிட்டார். நரம்புகளைக் கிளப்பிவிடும் மருந்துகளும் இருக்கின்றன, வலிநிவாரணிகளில்கூடச் சில அப்படி, கேட்காமல் எதையும் விழுங்காதே என்றும் எச்சரித்தார். நகத்தளவு இருக்கும் ஒரு பொருளுக்கு இத்தனை சாமர்த்தியமா என்று வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தேன்.

பத்து மாதம் நன்றாகப் போனது. குளக்கரையில் நிற்கும் நேரத்தில் மதிய மாத்திரை மறந்துபோகிறது என்று தங்கை சொன்னதால், அதே மருந்தை ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்கிற பெரிய மாத்திரையாக மாற்றினார் டாக்டர். அது அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நான் எதற்கு இருக்கிறேன்? மெல்லிய பிளேடால் எட்டுத் துண்டாக, ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் வெட்டினேன். கூரான விளிம்பு தொண்டையைக் கீறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு துண்டையும் புது உப்புத்தாளில் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். ஒரு வேளைக்கு எட்டுத் துண்டு என்று ஒரு வாரத்துக்கானதைத் தகர டப்பாவில் அடுக்கிக் கொடுத்தபோது எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

சாப்பிட்ட சில மணி நேரத்துக்குத் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்றாள். புது மாத்திரை, பழகிவிடும் என்றேன். பதினோராவது மாதம் முடிந்த மறுநாள் மாலை, அன்றைய மாத்திரைக்குச் சற்று முன்னால், சமையலறையில் தம்ளரோடு சாய்ந்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம். என் ஆயுளில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடம் வேறு இல்லை.

தெளிந்து எழுந்ததும், நான் ஒருவன்தான் பார்த்தேன், இன்னும் ஒரே மாதம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "தண்ணிக்குள்ள என் கையில குழந்தைங்க இருக்கும்ணே" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அவளே டாக்டரிடம் போய், நிமிடக் கணக்கு உட்பட ஒன்று விடாமல் சொன்னாள். அன்று முதல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றார் டாக்டர். அழாமல் தலையாட்டினாள். அவளுக்கும் சேர்த்து நான் அழுதேன்.

அடுத்து மருந்து கொடுக்கும் அம்மாவிடம் போனோம். சீட்டைப் பார்த்தவர், இவ்வளவு பெரியதை எப்படி விழுங்குகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாக டப்பாவைத் திறந்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா தேய்ச்சிருக்கீங்க" என்றார் மெதுவாக. "ஆனா இது ஒரு நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கரையணும் சார். வெட்டித் தேய்ச்சா மொத்தமும் ஒரேயடியா இறங்கிடும். அப்புறம் அடுத்த வேளைக்கு முன்னாடி உடம்புல மருந்து இருக்காது."

தலைசுற்றல், நடுக்கம், சமையலறை, எல்லாவற்றையும் என் கையாலேயே வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் டாக்டரிடம் பேசி, மாத்திரைக்குப் பதில் காலையும் மாலையும் குடிக்கும் மருந்தாக வாங்கித் தந்தார். "இதை நீங்க வெட்ட முடியாது" என்றார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெளியே வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்கலாம், ஆனால் தண்டனை உண்டு என்றாள். எனக்குத் தண்ணீர் என்றால் முழங்காலுக்கு மேலே பயம், அவளுக்கு அது தெரியும்.

அவள் சமையலறையில் சாய்ந்த பிறகு ஃபிட்ஸ் வராமல் இன்றோடு ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகிறது. தங்கை காலையில் குளத்தில் இறங்கினாள். முதல் மாணவன் நான்தான். உடம்பைத் தளர்த்து என்றாள், மல்லாக்கச் சாய்ந்தேன். பயத்தில் நான்தான் கிடுகிடுவென்று ஆடினேன். என் முதுகுக்குக் கீழே இருந்த அவள் கை கொஞ்சம்கூட ஆடவில்லை.